பதினேழாவது கேள்வி, விடை இ

அறுபதில் ஐம்பது முடிந்தது.

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியான விடைக்கு விளக்கம் தேவையில்லை. மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டால் திரையில் ஒரு பெட்டி திறக்கும். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன சொல்வது என்பதுதான் சனிக்கிழமைக் காலையிலிருந்து அவளுடைய வேலை.

பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் ஞானதுரை சார் நேற்றே வழி சொல்லியிருந்தார். “‘தவறு, மீண்டும் முயல்க’ன்னு ஒரு தடவை அடிச்சு, அறுபதுலயும் ஒட்டிடுங்க டீச்சர். இதையெல்லாம் எந்தப் பிள்ளை படிக்கப்போவுது?”

ஒருத்தி படித்தால் போதும் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை.

தவறு என்ற சொல்லே எந்தப் பெட்டியிலும் வரக்கூடாது. அது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

2³ = 6 என்று தொடுபவருக்கு: ‘இரண்டை மூன்றால் பெருக்கிவிட்டாய். மூன்று இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்கிப் பார்.’

√(9 + 16) = 7 என்பவருக்கு: ‘அவசரப்பட்டுத் தனித்தனியாகப் பிரித்துவிட்டாய். முதலில் கூட்டு. பிறகு வர்க்கமூலம் எடு.’

ஒவ்வொரு விடையும் ஏதோ ஒரு தலைக்குள் இருந்து நியாயமாகத்தான் கிளம்புகிறது. வழியில் எங்கோ திரும்பிவிடுகிறது. எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க அவளே அந்த வழியில் நடந்து பார்த்தாள். காப்பி ஆறிப்போனது. விடுவதாக இல்லை.

ஐம்பத்தொன்றாவது பெட்டியில் கை நின்றது.

கேள்வி 17. (x + 3)² = ?

இ) x² + 9

காலாண்டு விடைத்தாளில் நிரஞ்சனா எழுதியது இதுதான்.

நிரஞ்சனா அவள் மகள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில், அவளுடைய மாணவியும்கூட. டீச்சர் பிள்ளைகள் எல்லாரையும் போலப் பள்ளியில் ‘மிஸ்’ என்றும் வீட்டில் ‘அம்மா’ என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

விடைத்தாள் கொடுத்த அன்று மகளை எழுப்பி நிறுத்தி, தாளைத் தூக்கிக் காட்டி, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்: “கணக்கு டீச்சர் பொண்ணுன்னு வெளிய சொல்லிடாத. எனக்கு அசிங்கம்.”

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டிலும் மிஸ்தான். ‘தோசை போதும், மிஸ்.’ ‘லைட்டை அணைச்சிடட்டுமா, மிஸ்.’ குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பெட்டியில் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அழித்தாள். காலியாக விட்டால் மென்பொருள் ஏற்கவில்லை. ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

மாலைக்குள் அறுபதும் முடிந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினாள். முதலில் தொடும் விடைக்குத்தான் மதிப்பெண். சரியான விடை வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம்.

பன்னிரண்டு மணிக்கு மதிப்பெண் பட்டியலைத் திறந்தாள். பதினெட்டு, பதினாறு, பதினொன்று. கடைசியில் ஒரு பெயர்.

நிரஞ்சனா. இருபதுக்குப் பூஜ்யம்.

பழைய கோபம் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். விவரத்தைத் திறந்தாள்.

முதல் கேள்வி: அ, ஆ, ஈ, கடைசியில் இ. சரியான விடை இ.

இரண்டாவது: ஆ, இ, ஈ, கடைசியில் அ. சரியான விடை அ.

இருபதிலும் அப்படியே. விடை தெரியாத ஒருத்தியால் இருபது முறையும் சரியானதைக் கடைசிவரை தொடாமல் தள்ளிப்போட முடியாது. அது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கு டீச்சருக்குத் தெரியும்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு அறுபது பெட்டிகளையும் திறந்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பத்து நொடி, பதினைந்து நொடி.

பதினேழாவது கேள்வி, விடை இ. நான்கு நிமிடம்.

ஒரு வெறும் புள்ளியின் முன்னால் நான்கு நிமிடம்.

அவள் திருத்தும் பக்கத்தைத் திறந்தாள். புள்ளியை அழித்தாள். இந்த முறை கை நிற்கவில்லை.

‘இதை எல்லாரும் செய்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் நானும் செய்தேன். இதற்காக நிரஞ்சனாவை எழுப்பி நிறுத்தி நான் சொன்னது உங்கள் எல்லாருக்கும் கேட்டது. இதுவும் எல்லாருக்கும் தெரியட்டும். அது தவறு. செய்தது நான். என்னை மன்னித்துவிடு, நிரஞ்சனா.’

அறுபது பெட்டிகளில் இந்த ஒன்றில்தான் அந்தச் சொல் இருந்தது. இருக்கட்டும் என்று சேமித்தாள்.

குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: ‘பதினேழாவது கேள்வியில் விடை இ-யின் விளக்கம் மாற்றப்பட்டுள்ளது. எல்லாரும் பார்க்கவும்.’

அடுத்த அறையில் போன் ஒருமுறை சிணுங்கியது.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் ஏறத் தொடங்கியது. நான்கு. பதினொன்று. இருபத்தாறு. யார் யார் என்று அவள் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்ப்பாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனை. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டு திரையைத் தொட்டது.

“எல்லாம் எழுதியிருக்க. 6x எங்க விட்டுப்போச்சுன்னு நீ எழுதவே இல்லயேம்மா.”

அவள் திரும்பவில்லை. நாற்காலியில் ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.