கல்லறைமேல் கல்

"திரும்பவும் வைச்சிட்டாங்கள்!" மனைவி எமிலியாவின் கல்லறைமேல் இருந்த கூழாங்கல்லைத் தூக்கி வேலிக்கு வெளியே வீசினான் ஜெபநேசன்.

"எங்களைப் பிடிக்காதவங்கள்ர வேலை மச்சான்," என்றான் கூட வந்த குருசுமுத்து. "டென்மார்க்கில செத்தாலும் நிம்மதியில்லை. பொலிஸுக்குச் சொல்லுவம்."

"சொல்லி? கல்லைக் கைது செய்வாங்களோ?"

1986ஆம் ஆண்டுக் கோடை முழுக்க, ஒவ்வொரு ஞாயிறும் இதே தொல்லைதான். ஜெபநேசனும் விடாமல் கல்லைப் பொறுக்கி எறிந்து, சருகு கூட்டி, துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டுத்தான் போவான். வாடிக் கிடப்பது பிடிக்காததால் பூவும் வைப்பதில்லை.

பொறுமை போய், மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் மரத்தின் பின்னால் காவல் நின்றார்கள். மத்தியானம் ஒரு டெனிஷ் சிறுமி வந்து பக்கத்துக் கல்லறையில் ஒரு கல் வைத்தாள். இன்னொரு கல்லோடு எமிலியாவிடம் குனிந்தாள்.

"ஏய்! அது என்ர மனுசி!" ஜெபநேசன் டெனிஷில் கத்தினான்.

அவளும் எரிச்சலோடு நிமிர்ந்தாள். "நீங்களே என்ர கல்லுகளை எறியிறது? நாங்கள் யூத ஆக்கள். செத்தவையை மறக்கேல்லை எண்டு கல் வைப்பம். எனக்கு எங்கட சமயத்துப் பன்னிரண்டு வயசுச் சடங்கு வருது. அதுக்கு ஒரு நல்ல காரியம் செய்யோணும். நாப்பத்திமூண்டில நாசிகளிட்டயிருந்து எங்கட ஆக்களைப் படகில ஏத்தி, சுவீடனில விட்டவர் பக்கத்தில கிடக்கிற இந்த மீனவர். இவருக்குத்தான் வாறனான்."

"அப்ப எமிலியாவுக்கு ஏன்?"

சிறுமியின் குரல் இறங்கியது.

"எப்ப வந்தாலும் ஒரு கல்லில்லை, ஒரு பூவில்லை. இவவை நினைக்க ஒருத்தருமில்லை எண்டு நினைச்சன்."