வாஷர்தான் கோளாறு

“இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா?”

கட்டிலில் சாய்ந்தபடியே நூன்சியா கோப்பையை நீட்டினாள். அத்தீலியோ எட்டிப் பார்த்தார். நுரையே இல்லை. கோப்பையின் அடி தெரிந்தது.

“மெஷின்ல பிரஷர் ஏறல. நான் என்ன பண்ண?”

“பட்டனைத் தட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். ஊரே அதுலதான் குடிக்குது.”

“வாங்கு. காப்பியையும் நீயே போட்டுக்க.”

கல்யாணமான மறுநாளிலிருந்து, நூன்சியாவின் கால் தரையில் படுமுன் அவர் கையால் போட்ட காப்பி அவளுக்குப் போய்விடும். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இரவெல்லாம் பெட்டி இறக்கிவிட்டு வந்த காலத்திலும் தவறியதில்லை. மெஷினின் கைப்பிடியை மேலே தூக்கினால் வெந்நீர் இறங்கும். பலத்தோடு கீழே அழுத்தினால் காப்பி வரும். அதையும் பட்டனிடம் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு வேலையே இல்லை.

“சவேரியோவைக் கூப்பிடறேன். அவனாலயும் முடியலன்னா பட்டன்தான்” என்றாள் நூன்சியா.

மெக்கானிக் சவேரியோ வந்தான். மெஷினைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

“வாஷர் போயிருக்கும்டா” என்றார் அத்தீலியோ.

“பாத்துடறேன், அத்தீலியோ ஐயா. தலைக்கு மேல நின்னா எனக்குக் கை ஓடாது.”

“சர்க்கரை தீந்துபோச்சு, வாங்கிட்டு வா!” பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நூன்சியா கத்தினாள்.

அவர் திரும்பியபோது சவேரியோ மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீங்க சொன்னதேதான். வாஷர். அழுத்திப் பாருங்க.”

அத்தீலியோ அழுத்தினார். இத்தனை நாள் முரண்டு பிடித்த கைப்பிடி சொன்னபடி கேட்டது. காப்பி தேன்போல இறங்கியது. மேலே பழுப்பு நுரை.

நூன்சியா ஒரு வாய் குடித்தாள். “பட்டன் வேண்டாம்” என்றாள்.

“நீ நல்லா இருக்கணும்டா!” சவேரியோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார் அத்தீலியோ.

“போதும் விடுங்க, தாடி குத்துது” என்று சிரித்துக்கொண்டே போனான் அவன்.

அத்தீலியோ மெஷினைப் பழைய இடத்தில், கோப்பைகள் அடுக்கிய சுவர்ப் பலகைக்குக் கீழே வைத்தார். வாங்கி வந்த சர்க்கரையைக் கொட்ட டப்பாவைத் திறந்தார். டப்பா நிறைந்திருந்தது.

இந்தப் பொம்பளைக்கு மறதி, என்று நினைத்துக்கொண்டு, தனக்கொரு காப்பி போடக் கைப்பிடியை மேலே தூக்கினார்.

டக்.

பலகையில் இடித்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இடித்ததில்லை. கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். முனையில் அதே பழைய மரக்குமிழ். அதைத் தாங்கிய கம்பி மட்டும் புதிது, நான்கு விரல் நீளம் கூடுதல். நீளம் கூடினால் குறைந்த பலமே போதும் என்பதைக் கடப்பாரையால் பெட்டி நெம்பிய ஆளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

“என்ன சத்தம்?” பால்கனியிலிருந்து நூன்சியா.

“ஒண்ணுமில்ல. வாஷர் புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்!” என்று கத்திவிட்டு, அவள் உள்ளே வருவதற்குள் பலகையை நான்கு விரல் உயர்த்தி மாட்ட, கோப்பைகளைச் சத்தமில்லாமல் இறக்க ஆரம்பித்தார்.