தேய்ந்தாலும் சிரித்த டயர்கள்

மின்னி என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் புது டயர் வாங்கப் போனது.

“என்னை மாட்டிக்கோ. வருஷக்கணக்கா உழைப்பேன். வளைவுல மட்டும் மெதுவாப் போகணும்” என்றது கெட்டி டயர்.

“நான் எந்த வளைவிலும் ரோட்டை விடமாட்டேன். ஆனா சீக்கிரம் தேஞ்சிடுவேன்” என்றது மெத்தென்ற டயர்.

மின்னி மெத்தென்ற டயரையும் அதன் மூன்று தம்பிகளையும் மாட்டிக்கொண்டது.

தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி வளையும் மலைப்பாதையில் ஏறியதும் எல்லோருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வளைவுக்கு வளைவு ‘கிரீச்’ என்று கூவிக்கொண்டே பறந்தார்கள். குரங்குகள் வாய்பிளந்து பார்த்தன.

சில மாதங்களிலேயே டயர்கள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. மின்னிக்கு அழுகை முட்டியது.

“ஐயோ, என் ஆசைக்கு உங்களைத் தேய்ச்சே தீர்த்துட்டேனே!”

“அதுக்கெல்லாம் அப்புறம் அழலாம், அக்கா” என்று டயர்கள் சிரித்தன. “எங்களைக் கழட்டுறதுக்குள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து வளைவை இன்னொரு தடவை சுத்திட்டு வந்துடலாம், கிளம்பு!”