கழுத்துக் கருமை நீங்க

கணவனிடம் அடிபடும் பெண்கள் மனம்விட்டுப் பேச, எஸ்தரும் கோமளவல்லியும் இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினார்கள். முதல் பகுதிக்கு எஸ்தர் ‘குடும்ப வன்முறை’ என்று தலைப்பிட்டாள்.

“அடி வாங்குறவ இப்படியா தேடுவா? அவன் போனைப் புடுங்கிப் பாப்பான்ல,” என்றாள் கோமளவல்லி.

“நீங்க என்னக்கா தேடுனீங்க?”

கோமளவல்லி முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு, அந்தத் தலைப்பை அழித்துவிட்டுத் தட்டினாள்: ‘கழுத்துக் கருமை நீங்க.’

பெண்கள் தேடி வந்தார்கள். மஞ்சளில் தொடங்கி, மெல்ல மற்றதையும் எழுதினார்கள். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: “என் மனைவி இங்கே எந்தப் பெயரில் எழுதுகிறாள்?”

எஸ்தர் பழைய பதிவுகளை அவசரமாக மறைத்தாள். அதற்குள் அந்தக் கேள்வியின் கீழே பதில்கள் வரிசையாக விழுந்தன.

“தயிரும் கடலைமாவும் பூசச் சொல்லுங்க சார்.”

“எனக்குக் கற்றாழையிலயே போயிடுச்சு.”

தினமும் எழுதுகிற ஒருத்தி மட்டும் எதுவும் எழுதவில்லை.