இழுக்காத வண்டி

“பொறாமைதான், வேற என்ன? பொண்டாட்டி பேரு வெளியே தெரியறது உன் புருஷனுக்குப் பிடிக்கல” என்றார் அண்ணன்.

பைக் ரேஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. தங்கை இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போன வருஷம் இதே டிராக்கில் கோப்பை வாங்கிய சாம்பியன், இன்றைக்கு ஏழாவதாக வந்திருக்கிறாள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நாள் முழுக்க மற்றவர்களிடம் ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லியே பிழைப்பவர். தங்கை விஷயத்தில் மட்டும் அவருக்கு எந்த வேகமும் போதாது.

ஆனால் அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வளைவுக்கு வளைவு அவள் ஆட்களைப் பிடித்தாள். முழங்கால் தரையில் உரச வண்டியைச் சாய்த்துத் திருப்பி, முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினாள். நேர் ரோடு வந்ததும் அத்தனை பேரும் டாட்டா காட்டாத குறையாக அவளைக் கடந்து போனார்கள். வண்டி இழுக்கவே இல்லை.

அந்த வண்டியைத் தயார் செய்பவர் அவள் கணவர். சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். போன வருஷம் கோப்பை வாங்கியதும் அவர் கைபட்ட இதே வண்டியில்தான். இந்த வருஷம் யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். “இன்ஜினுக்கு வயசாயிடுச்சு. இதுக்கு மேல இழுக்காது.”

கோப்பை வாங்கிய கையோடு ஒரு பெரிய கம்பெனியின் டீம் அவளைக் கூப்பிட்டது. புது வண்டி, வெளிநாட்டு ரேஸ்கள். சங்கடம் ஒன்றுதான். டீமில் அவர்களுடைய மெக்கானிக்குகள் இருந்தார்கள், கணவர் கூடப் போக முடியாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவள் வீட்டுக்கு வரவும் முடியாது. “என் வண்டிய இவர் தொட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்று சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆசை இல்லாமல் இல்லை. டிவியில் அந்த ரேஸ்கள் ஓடும்போது, சோபாவில் உட்கார்ந்தபடியே அவள் வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கும். கணவர் பார்ப்பது தெரிந்தால், சட்டென்று ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றுவாள். அவர் பார்க்காத நாளே கிடையாது.

இன்றைக்கும் கம்பெனி மேனேஜர் அவளைத் தேடி வந்துவிட்டார்.

“இந்த வண்டிய வச்சுக்கிட்டு வளைவுல இந்தப் போடு போடறீங்களே. நாங்க வண்டியப் பார்த்துக்கறோம். நீங்க வாங்க, போதும்.”

“இல்ல சார், இங்கயே...” என்று அவள் இழுத்தாள்.

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலேயே பேசினார்.

“போயேன். நீ தோக்கத் தோக்க என் ஒர்க் ஷாப் பேருதான் கெடுது. இருக்கற கஸ்டமரும் போயிடுவாங்க போல.”

இத்தனை தோல்வியிலும் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் அவள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பவில்லை. மேனேஜர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நல்லவேளையாக ஹெல்மெட் இருந்தது, அழுதது யாருக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. எப்படியோ தங்கை தப்பித்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெளிநாட்டில் முதல் ரேஸிலேயே மூன்றாவதாக வந்தாள். அடுத்ததில் முதலிடம். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் அண்ணனுக்குப் போன் வந்தது. கணவரிடம் மட்டும் அவள் பேசவே இல்லை.

அப்போதுதான் அண்ணன் காதுக்கு அந்தச் செய்தி எட்டியது. உள்ளூர் ரேஸில் யாரோ ஒரு பெண் முதலில் வந்திருக்கிறாள். போன வருஷமெல்லாம் கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்தவள். அவள் ஓட்டியது தங்கை விட்டுப்போன அதே வண்டி.

அன்றைக்கு டிரைவிங் ஸ்கூல் கார் போன வேகத்தை மாணவர்கள் யாரும் பார்க்காதது நல்லதாய்ப் போயிற்று. நேராக ஒர்க் ஷாப்பில் போய் இறங்கினார்.

“என் தங்கச்சிக்கு இழுக்காத வண்டி, ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் இழுக்குதா? வேணும்னேதானே அமுக்கி வச்சிருந்தீங்க?”

“ஆமா மச்சான்.”

மறுப்பார், சண்டை பிடிக்கலாம் என்றுதான் அண்ணன் வந்திருந்தார்.

கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அவள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். குளிர் தாங்குகிறாளா என்று கேட்டார். இங்கே வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை, ராத்திரி படுப்பதுகூட ஒர்க் ஷாப்பில்தான் என்றார். கேட்டதற்குப் பதில் அதற்கப்புறம்தான் வந்தது.

“கம்பெனி கூப்பிட்டப்ப போ போன்னு கெஞ்சிப் பார்த்தேன், கேக்கல. வண்டி நல்லா ஓடியிருந்தா, இந்த டிராக்கையே சுத்திக்கிட்டு என்கூடவே இருந்திருப்பா. அதான் இன்ஜினைக் கொஞ்சம் மந்தமாக்கி வச்சேன். அதுக்கும் அசையல. கடைசியில வாயத் தொறந்து அப்படிப் பேச வேண்டியதாப் போச்சு.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துத் தங்கையின் நம்பரைத் தேடினார்.

கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, குரலையாவது கேட்டுக்கறேன். இத மட்டும் சொல்லிடாதீங்க மச்சான். தெரிஞ்சா, போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவா.”