தினமும் இரட்சிக்கப்பட்டவள்

பழைய பாஸ்டரை டிரைவர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஜெபம் செய்துகொண்டிருக்கவில்லை. க்ரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் இருந்ததை நக்கிக்கொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் ஒரு எட்டு வயதுச் சிறுமியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். முகாமில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர்.

அன்றைக்கும் அவள் இரட்சிக்கப்பட்டிருந்தாள்.

கோடை விடுமுறையில் சர்ச் பிள்ளைகளுக்காகப் பகல் முகாம் நடக்கும். பஸ் ஓட்டும் டிரைவர் அங்கே தானாக வரவில்லை. “லீவு போட்டு வீட்டுல கிடந்து என் உயிரை வாங்குறதுக்கு, கர்த்தருக்காவது உபயோகமா இருங்க” என்று மனைவி அனுப்பிவைத்தாள்.

மூக்கு துடைப்பது, சண்டை விலக்குவது, நிறைவு நாள் நாடகத்தில் ராட்சசன் கோலியாத்தாக விழுவது ஆகியவை அவர் பொறுப்பு. கோலியாத் வேஷம் வயிற்றைப் பார்த்துக் கொடுத்தது. அவரைக் கவணால் வீழ்த்தி ராஜாவாகப்போகும் தாவீது, வாலு.

தினமும் பாட்டு, கதை எல்லாம் முடிந்ததும், முகாமை நடத்தும் தலைவியம்மா குரலைத் தாழ்த்துவார்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது. இயேசப்பாவை யாரெல்லாம் ஏத்துக்கிறீங்களோ, கையை மட்டும் தூக்குங்க.”

கை தூக்கியவர்கள் பின்னறைக்குப் போக வேண்டும். அங்கே பழைய பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார், பிஸ்கட் கொடுப்பார். ஒரு காலத்தில் சபையையே கட்டி ஆண்டவர்தான். இப்போது அவரைப் பேச விட்டால் பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வந்துவிடும் என்று தலைவியம்மா அவரைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்.

மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் முற்றத்தில் பந்து விளையாட்டு. அதனால் கை தூக்க யாருக்கும் மனம் வராது. வாலுவைத் தவிர.

இரண்டாம் நாளும் அவள் கை தூக்கியதும் டிரைவர் பிடித்துக்கொண்டார்.

“ஏய், நேத்துதானே ஏத்துக்கிட்ட?”

“ஆமாண்ணா. ராத்திரி தம்பியை அடிச்சேன். போயிட்டாரு.”

மூன்றாம் நாள்?

“இன்னைக்குப் போகலண்ணா. இருந்தாலும் ஒரு தடவை உறுதி பண்ணிக்கலாம்னு.”

தலைவியம்மாவுக்கு வந்ததே கோபம்.

“பிஸ்கட்டுக்காக இரட்சிக்கப்படுற புள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன்! இன்னொரு தடவை கை தூக்கினா தாவீது வேஷம் கிடையாது. ஆட்டுக்குட்டிதான். புரியுதா?”

“புரியுது டீச்சர்.”

நன்றாகவே புரிந்தது. அடுத்த இரண்டு நாளும் முதல் ஆளாகக் கை தூக்கினாள். தாவீது வேஷம் தலைவியம்மாவின் அக்கா மகனுக்குப் போனது.

“ரெண்டு பிஸ்கட்டுக்கு ஒரு ராஜாவையே வித்துட்டியேடி” என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஐந்தாம் நாள்தான் ஜன்னல் வழியாக, பாஸ்டரும் அவளும் க்ரீம் நக்குவதை அவர் பார்த்தது.

மறுநாள் காலை செய்தி வந்தது. பழைய பாஸ்டர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எல்லோரும் கொஞ்சம் அழுதார்கள். ஆனால் முகாமை நிறுத்த முடியுமா? பின்னறையில் டிரைவரை உட்கார வைத்தார்கள். தட்டில் அதே பிஸ்கட்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. வாலுவும் வரவில்லை. எழுந்து வெளியே போனால், அவள் முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா?” என்றார் தலைவியம்மா. “மனுஷன் போய் ஒரு நாள் ஆகல. அது துள்ளிக்கிட்டுத் திரியுது. நன்றி கெட்டது!”

டிரைவருக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அவளைத் தனியே கூப்பிட்டார்.

“ஏன் வரல? பிஸ்கட் இருந்துச்சே.”

“உங்களுக்குத்தான் கோலியாத் வேஷம் இருக்கேண்ணா. பஸ்ஸும் இருக்கு. அவருக்கு அந்த ரூம் மட்டும்தானே இருந்துச்சு.”

டிரைவருக்குப் பிடிபடவில்லை.

“மொத நாள் நான் கண்ணை மூடலண்ணா. பின்ரூம் கதவு திறந்திருந்துச்சு. தாத்தா தலையைத் தண்ணி தொட்டுச் சீவி, ரெண்டு நாற்காலியையும் துடைச்சுப் போட்டுட்டு, வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இங்க ஒருத்தனும் கை தூக்கல. எல்லாத்துக்கும் பந்து.” மூக்கை உறிஞ்சினாள். “யாருமே வரலன்னா, நாளைக்கு வர வேண்டாம்னு அவருக்குச் சொல்லிட மாட்டாங்களா?”

டிரைவர் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார்.

“தாவீது வேஷம் போச்சேடி?”

“பரவால்லண்ணா. உங்களை அடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. நீங்க நகரவே மாட்டீங்க.”

அவர் நேரே தலைவியம்மாவிடம் போய், அவளையே தாவீதாக விடச் சொல்லிக் கெஞ்சினார். காரணத்தையும் சொன்னார்.

“கர்த்தரோட காரியத்துல விளையாடினா சும்மா விடச் சொல்றீங்களா? கொடுத்த வேஷம் கொடுத்ததுதான்!”

நிறைவு நாளன்று மண்டபம் நிறைய பெற்றோர். நாடகம் தொடங்குமுன் தலைவியம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம்ம பழைய பாஸ்டர் கடைசி மூச்சு வரைக்கும் ஊழியம் செஞ்சாரு. இந்த முகாம்ல மட்டும் அவர் மூலமா ஐந்து ஆத்துமாக்கள் ஆண்டவர்கிட்ட வந்திருக்காங்க!”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

அந்த ஐந்து ஆத்துமாக்களும் மேடை ஓரத்தில், பஞ்சு ஒட்டிய ஒரே போர்வைக்குள் ஒரே ஆட்டுக்குட்டியாக மண்டியிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தன.