மேல் கட்டம்

கேமராத் திரையில் மெமரி கார்டின் படம், அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஜப்பானிய எழுத்து.

கல்யாணத்தைப் படமெடுக்க வந்திருந்த அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேடையில் ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பிவிட்டார். பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுகிறார்கள். தட்டு திரும்பி வந்தால் கெட்டிமேளம்தான்.

திருச்சியில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை சொன்ன கேமரா. ஒசாகாவிலிருந்த கொழுந்தன் அறுபதாயிரம் குறைவாக வாங்கி வந்தான். அதே கம்பெனி, அதே கேமராதான் அண்ணி என்றான். அந்த ஊர்க்காரர்களுக்காகச் செய்தது, வேறு பாஷை வராது, அதனால்தான் மலிவு, போகப் போகக் கை பழகிவிடும் என்றான்.

பழகித்தான் இருந்தது. எந்தப் பட்டன் எதற்கென்று விரல்களுக்குத் தெரியும். பாவி, இந்தக் கேள்வியை மட்டும் இது இதுவரை கேட்டதேயில்லை.

அணைத்து மறுபடி போட்டாள். அதே இரண்டு கட்டங்கள்.

மாற்றுக் கார்டும் போனும் கீழே, மணமகள் அறையில் இருக்கும் பைக்குள்.

இந்தக் கார்டில் காலைப் படங்கள் இருக்கின்றன. மணப்பெண் சுகந்தியின் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து, சக்கர நாற்காலியில் மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். பட்டுச் சட்டை அவர் தோளில் நிற்கவில்லை. ஆனாலும் சிரித்தார். உடனே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் அவ்வளவுதான் விட்டார்.

தட்டு மேடையேறியது.

கார்டைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறது. ஒரு கட்டம் அதிலுள்ள படங்களை விட்டுவைக்கும். இன்னொன்று அழித்துவிடும். எது எதுவென்று எவன் கண்டான்?



கடவுளே என்று மேல் கட்டத்தை அமுக்கினாள்.

கேமராவுக்கு உயிர் வந்தது. மேளம் கொட்டியது. மூன்று முடிச்சையும் எடுத்தாள். அட்சதை விழுந்ததையும் எடுத்தாள். அப்பாடா என்றிருந்தது. வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

கூட்டம் விலகியதும் சுகந்தி அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி சேதி அனுப்பியிருந்தான்.

"அப்பாவுக்கு நினைவு தப்பிடுச்சாம்க்கா. காலையில எடுத்தீங்கல்ல, அத ஒருதடவ காட்டுங்க."

அவள் படங்களைப் பின்னால் தள்ளினாள்.

அட்சதை. மூன்றாம் முடிச்சு. இரண்டாம் முடிச்சு. முதல் முடிச்சு.

இன்னும் ஒரு தள்ளு.

படங்கள் முடிந்து, சுற்றிவந்து மறுபடி அட்சதை.

சுகந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

அவள் இன்னும் வேகமாகத் தள்ளினாள்.